நகராத பனிமூட்டம்

புளோரா டீச்சர் லேசில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை, அது பிழைப்புக்கு. மார்கழியும் தையும் வந்துவிட்டால் விடிவதற்கு முன்பே போர்டையும் பெயிண்டையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுவார். கோத்தகிரிப் பக்கம் அந்த மாதங்களில் பள்ளத்துப் புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். போர்வைக்குள்ளிருந்து மூக்கை நீட்டவே மனுசர் யோசிக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் வெட்டவெளியில் நின்று படம் போடுகிற பொம்பளைக்குக் கொஞ்சம் கிறுக்கு என்றுதான் ஊரில் பேச்சு.

அந்தக் கிறுக்குக்கும் ஒரு சீடர் வந்து சேர்ந்தார். பெயர் சென்னியப்பன். டீச்சருக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து நாலு.

சர்வே ஆபீசில் முப்பத்தாறு வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. மகன் மஸ்கட்டில். மேட்டு விளிம்பில் தனி வீடு, தனி அடுப்பு.

"உங்களுக்கு எதுக்குங்கய்யா இந்த வேலை?" என்று முதல் நாள் டீச்சர் கேட்டார்.

"வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தா பயமா இருக்குதுங்க டீச்சர். என் செருமல் சத்தம் எனக்கே யாரோ செருமற மாதிரி கேக்குது."

"காலையில அஞ்சரைக்கு வந்துடுங்க. குல்லா முக்கியம்" என்றார் டீச்சர்.

வந்தார். ஒரு நாள் தவறாமல் வந்தார்.

அந்தக் குளிரில் வாட்டர் கலர் போடுவது தனிப் பாடு. கிண்ணத்துத் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி ஏடு கட்டும். தாளில் தடவின நிறம் முள் முள்ளாக உறைந்து நிற்கும். அது உறையாமல் இருக்க டீச்சர் ஒரு சின்னக் குப்பியிலிருந்து இரண்டு மூடி பிராந்தியைத் தண்ணீரில் ஊற்றுவார். முதல் தடவை அதைப் பார்த்ததும் சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டீச்சர்!"

"தண்ணிக்குத்தாங்கய்யா. நமக்கு இல்ல."

"யாராச்சும் பார்த்தா என்னத்த நினைப்பாங்க?"

"ஏற்கெனவே நினைச்சாச்சு. நீங்க பிரஷ்ஷைத் தொடுங்க."

இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று. கோடு அவருக்கு ஏற்கெனவே கைவந்த கலை. மலைச் சரிவை அளந்து வைத்தது போலப் போடுவார். நிறமும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஆனால் ஒரு குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது மார்கழியில் ஒருநாள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டே விட்டார்.

"டீச்சர், என் படத்துல எல்லாம் இருக்குது. குளிர் மட்டும் வர மாட்டேங்குது. ஏனுங்க?"

டீச்சர் பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் டீயை ஊற்றினார். ஆவி பறந்தது. அதை அவர் கையில் கொடுத்தார். சென்னியப்பன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் டீச்சர் வெடுக்கென்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஐயய்யோ, என்ன டீச்சர்?"

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்பத்தான் குளுருது. இத்தனை நேரம் இவ்வளவு தெரியல."

"அவ்வளவுதான்" என்று சொல்லி டீச்சர் டீயைத் திருப்பிக் கொடுத்தார்.

சென்னியப்பன் அதை நிறப் பாடமாக எடுத்துக்கொண்டார். பாவம், அவர் படித்த படிப்பு அப்படி. மறுநாளிலிருந்து தேயிலைச் செடிமேல் மஞ்சள் போட்டுப் பார்த்தார். பாறையில் காவி போட்டுப் பார்த்தார். வானத்தில்கூடக் கொஞ்சம் ரோஸ் தீற்றினார். படம் அழகாகத்தான் ஆனது. குளிர் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் நின்று வரைகிற மேட்டுக்கு நேர் எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், இன்னொரு மேடு. அதன் பாதிச் சரிவில் ஓட்டு வீடு ஒன்று. காலையில் அந்த வீட்டுப் பின்கட்டிலிருந்து வெந்நீர் அடுப்புப் புகை எழும்பும். அந்தப் பள்ளம் முழுக்கப் பார்த்தாலும் அந்த நேரத்தில் உயிரோடு அசைகிற பொருள் அது ஒன்றுதான். அந்த வீட்டில் இருந்தவர் காளியண்ணன். சென்னியப்பனின் கூடப் பிறந்த அண்ணன், ஆறு வயது மூத்தவர். இரண்டு பேரும் பேசிக்கொண்டு பத்தொன்பது வருஷம் ஆகிறது.

டீச்சருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அவர் பார்த்தது படங்களை மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்து டிராயிங் ரூமுக்குச் சென்னியப்பனை வரச் சொன்னார். "இதுவரைக்கும் போட்டதையெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றார். அவரும் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். இருபத்து மூன்று படங்கள். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு டீச்சர் அத்தனையையும் தரையில் வரிசையாகப் பரப்பினார். பிறகு கதவோரம் போய் நின்றுகொண்டார்.

"பாருங்க."

"பார்த்தேனுங்க."

"என்ன தெரியுது?"

"முதல்ல போட்டது மோசம். போகப் போகத் தேவலாம்."

"பனிமூட்டத்தைப் பாருங்க."

எல்லாப் படத்திலும் பனிமூட்டம் இருந்தது. நிறம் ஈரமாக இருக்கும்போதே துணியால் ஒற்றி எடுத்தால் அந்த இடம் வெளுத்து மூட்டமாகிவிடும். அந்த வித்தையை டீச்சர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"மூட்டம் நல்லாத்தானே வந்திருக்குது?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. நானும் இருபது வருஷமா மலையில நின்னு பார்க்கறேன். மூட்டம் ஏறும், இறங்கும், கலையும். நீங்க போட்டது மட்டும் இருபத்து மூணு நாளும் ஒரே எடத்துல நிக்குது."

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். எதிர் மேடு, பாதிச் சரிவு. ஒரு படத்தில்கூட இம்மி பிசகவில்லை. அளந்து துடைத்தது போல அதே இடம்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க டீச்சர்."

"புகை வருதே."

"எனக்குத் தெரியல. கண்ணு கொஞ்சம் மங்கல்."

"சர்வேயில முப்பத்தாறு வருஷம் இருந்தீங்க. ஒரு வீட்டை விட்டுட்டு மேப் போட்டிருக்கீங்களா?"

"வீட்டை விட்டா அந்த மேப்பே செல்லாது" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் ஜிவ்வென்று சிவந்துவிட்டது.

கோபத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினார். ஆத்தா இறந்தது ஓர் ஐப்பசி மழையில். அவருக்கு அப்போது தருமபுரியில் வேலை. தகவல் கிடைத்ததும் கிளம்பினார். மலை ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பதினோரு கிலோமீட்டர் மழையில் நடந்தே வந்தார். வந்து சேர்ந்தபோது சிதை எரிந்து அடங்கியிருந்தது. பெற்றவள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கவில்லை. ஏன் எனக்காக நிற்கவில்லை என்று அண்ணனிடம் கத்தியிருக்கிறார். அண்ணன் ஈர வேட்டியோடு நின்று, "எத்தனை நேரந்தான்டா காத்திருக்கறது?" என்று கேட்டார்.

"அந்த ஒரு வார்த்தை டீச்சர். அந்த ஒரே வார்த்தை. அதோட சரி."

டீச்சர் தரையிலிருந்த படங்களைப் பொறுக்கி அடுக்கி, கயிறு கட்டி, அவர் கையில் கொடுத்தார்.

"திங்கக்கிழமை அஞ்சரைக்கு வாங்க" என்றார்.

"வர மாட்டேன்" என்றார் சென்னியப்பன்.

சொன்னபடியே போகவில்லை. பிடிவாதம் என்றால் அந்தக் குடும்பத்துக்கே உரிய பிடிவாதம் அது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஆனால் தூக்கம் பழக்கப்படி நாலரைக்கே கலைந்துவிடும். எழுந்து ஜன்னலைத் திறந்தால் எதிரே அதே மேடு. கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார். சோற்றை வடித்துப் பாதியை நாய்க்குப் போட்டார். இவ்வளவு பெரிய மலையில் தன்னைத் தேட ஒரு ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை பால்காரர் போஜன் வந்தார். இரண்டு மேட்டுக்கும் அவர்தான் பால் ஊற்றுகிறவர். பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டுச் சேதியை அங்கேயும் அந்த வீட்டுச் சேதியை இங்கேயும் சொல்லாமல் காப்பாற்றி வந்த மனுசர். அன்றைக்கு அவராலும் முடியவில்லை.

"ஐயா, நாளையிலிருந்து அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லை."

சென்னியப்பன் பாத்திரத்தை நீட்டினார்.

"பெரியய்யாவுக்கு முட்டி முடியல. கோகிலா வந்திருக்கு, ஓசூருக்குக் கூட்டிட்டுப் போகுது. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு ஜீப்பு. வீட்டைப் பூட்டிட்டுப் போறாங்க. திரும்ப வர்ற மாதிரி தெரியல."

கோகிலா என்பது காளியண்ணனின் மகள். சென்னியப்பன் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் சென்னியப்பன் போய் நின்றார்.

"டீச்சர், புகையை எப்படி வரையறது?"

நாலு நாள் ஏன் வரவில்லை என்று டீச்சரும் கேட்கவில்லை.

"புகை என்ன நிறம்?"

"இங்கிருந்து பார்த்தா நீலமாட்டத் தெரியுது."

"கிட்டப் போனா?"

"அது... தெரியாதுங்க."

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் வரையலாம்."

சென்னியப்பன் தலையை ஆட்டினார். மனசு அப்போதே பள்ளத்தில் இறங்கத் தொடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கே கிளம்பிவிட்டார். பள்ளத்தில் இறங்கி ஓடையைத் தாண்டி எதிர் மேட்டில் ஏற முக்கால் மணி நேரம் போதும். ஏழே காலுக்கெல்லாம் அண்ணன் முன்னால் நிற்கலாம். நல்ல சட்டை, நல்ல வேட்டி, மேலே ஸ்வெட்டர். ஆனால் போர்டையும் பெயிண்டையும் எதற்கு எடுத்துக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. கை அதுவாக எடுத்து மாட்டிக்கொண்டது.

தன் வீட்டுப் பாதை இறங்குகிற மேட்டு விளிம்புக்கு வந்தபோது சூரியன் பள்ளத்தை எட்டிப் பார்த்தது. ராத்திரி விழுந்த உறைபனி புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. மூட்டம் இல்லை. அன்றைக்கென்று பார்த்து ஒரு துளி மூட்டம் இல்லை. எதிர் மேட்டில் ஓட்டு வீடு துல்லியமாகத் தெரிந்தது. பின்கட்டிலிருந்து புகை எழும்பி நேராக நின்றது. வெயில் பட்ட இடத்தில் அது நீலமே இல்லை. அடியில் பழுப்பு, மேலே போகப் போகச் சந்தனம்.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஓர் இருபது நிமிஷம், வரைந்துவிட்டே போய்விடலாம் என்று நினைத்தார்.

நினைத்ததற்குக் காரணம் படம் மட்டுமல்ல. போய் நின்றால் அண்ணன் 'என்னடா' என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது? ராத்திரி முழுக்க யோசித்தும் ஒரு வார்த்தை அகப்படவில்லை. இந்தப் படத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டால் போதும். தான் பேச வேண்டியதில்லை, அது பேசிக்கொள்ளும். அப்படி ஒரு தைரியம் வந்தது.

பாறைமேல் உட்கார்ந்து வரைந்தார். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அப்படி ஒரு கை அவருக்கு அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, அதற்குப் பின்பும் இல்லை. வெள்ளைச் சரிவின் நடுவே பழுப்பு ஓடு, அதன் மேலே அந்தச் சந்தனப் புகை. வைத்த பிரஷ்ஷை எடுக்கும்போதே அவருக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. படத்துக்குள் குளிர் வந்துவிட்டது.

ஆனால் படம் சொட்டச் சொட்ட ஈரம். சாய்த்துப் பிடித்தால் நிறமெல்லாம் ஓடி, புகை வீட்டின் மேல் வழிந்துவிடும். வெயில் காலமாக இருந்தால் பத்து நிமிஷத்தில் காய்ந்திருக்கும். அந்தக் குளிரில் காய்கிறதா? போர்டைப் பாறைமேல் மட்டமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மணி ஏழே கால்.

ஏழே முக்காலுக்கு ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது. சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது. எட்டே காலுக்குத் தொட்டார். ஈரம். வாயால் ஊதிப் பார்த்தார். அது இன்னும் ஈரமாக்கியது. எதிர் மேட்டில் ஜீப் வந்து நிற்பது தெரிந்தது. சாமான் ஏற்றவே நேரமாகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். புகையும் வந்துகொண்டுதான் இருந்தது. அடுப்பு எரிகிற வரைக்கும் ஆள் கிளம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

ஒன்பது மணிக்கு ஹார்ன் சத்தம் கேட்டது.

அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. பாதி காய்ந்த படத்தைப் போர்டோடு தூக்கினார். தாம்பாளம் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் மட்டமாக ஏந்திக்கொண்டு சரிவில் இறங்கினார். ஒத்தையடிப் பாதை, உறைபனி வழுக்கல், கண்ணெல்லாம் படத்தின் மேல். ஓர் எட்டு வைப்பதற்குள் இரண்டு தடவை நின்றார். ஹார்ன் மறுபடி கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. ஓடையைத் தாண்டும்போது கடைசியாகக் கேட்டது. முக்கால் மணி நேரத்து வழியை அவர் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தார். படத்தில் ஒரு சொட்டு கலையவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது ஜீப் இல்லை. கதவில் பூட்டு. வாசலில் போஜன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எப்பப் போனாங்க?"

"இப்பத்தான் ஐயா, பத்தே கால் இருக்கும்."

"ஒம்பதுன்னு சொன்னே."

"ஒம்பதுதான். பெரியய்யாதான் ஏற மாட்டேன்னுட்டார். இந்தக் கல்லு மேல உட்கார்ந்துட்டு அந்த மேட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். கோகிலா ஹார்ன் அடிக்குது, கூப்பிடுது, அசையல. நீங்க பாறை மேல உட்கார்ந்திருந்தது இங்கிருந்து நல்லாத் தெரிஞ்சுது."

சென்னியப்பன் போர்டைப் பிடித்தபடியே நின்றார்.

"தினமும் பார்ப்பார் ஐயா. ரெண்டு வருஷமா. விடிஞ்சதும் வெந்நீர் போட்டுட்டு இந்தக் கல்லுலதான் உட்காருவார். நீங்க கிளம்பிப் போறதைப் பார்த்துட்டுத்தான் குளிக்கப் போவார்."

"ஏதாச்சும் சொன்னானா... சொன்னாரா?"

போஜன் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"நீங்க இறங்கி மரத்துக்குள்ள மறைஞ்சீங்க. திரும்பி வீட்டுக்குப் போயிட்டீங்கன்னு நினைச்சுட்டார் போல. ரொம்ப நேரம் பார்த்தார். 'அவனுக்கு என்ன சோலியோ, பாவம், போலாம்'னு சொல்லிட்டு ஏறிட்டார்."

பின்கட்டில் இன்னும் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் அங்கே போனார். அடுப்பின் மேல் அண்டா. மூடியைத் தூக்கினால் நிறைய வெந்நீர், ஆவி வந்தது.

"இதென்ன, குளிக்கலியா அவரு?"

"அவரு ஆறு மணிக்கே குளிச்சாச்சு. அப்புறம் இன்னொரு அண்டா வெச்சார். எதுக்குன்னு கேட்டேன். பள்ளத்துல நடந்து வந்தா கை கால் விறைச்சுப் போகும்னார்."

அவர் போர்டைத் தரையில் வைத்தார். இரண்டு கையையும் அந்தத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். அப்படியே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். ஆத்தா செத்ததற்குக்கூட அவர் அப்படி அழுததில்லை. போஜன் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் சென்னியப்பன் டிராயிங் ரூமுக்கு வந்தார். டீச்சர் டிபன் பாக்ஸை அப்போதுதான் திறந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டார்.

சென்னியப்பன் ஒன்றையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். சொல்லி முடித்துப் போர்டை மேசைமேல் வைத்தார்.

டீச்சர் படத்தை வெகுநேரம் பார்த்தார். ஸ்வெட்டர் கைகளை இழுத்து விட்டுக்கொண்டார்.

"குளிருது" என்றார்.

இரண்டு வருஷமாக எந்த வார்த்தைக்காக ஏங்கினாரோ அந்த வார்த்தை. சென்னியப்பனுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"ஈரத்தோட தூக்கிட்டு ஓடியிருக்கணும் டீச்சர். கலைஞ்சா கலைஞ்சுட்டுப் போகுதுன்னு ஓடியிருக்கணும்."

டீச்சர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சும்மாவே ஓடியிருக்கணும்."



"ஓசூர் விலாசம் இருக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"போஜன் எழுதிக் கொடுத்தான். கோகிலா போன் நம்பரும் இருக்குது."

"பேசினீங்களா?"

"போன்ல என்னன்னு பேசறது? பத்தொன்பது வருஷம்." சென்னியப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் ஒரு தெம்பு வந்தது. "ஒரு யோசனை பண்ணினேன் டீச்சர். பஜார்ல சொன்னா கண்ணாடி போட்டுக் கொடுத்துடுவாங்க. தேக்குச் சட்டமா வெச்சு, நல்லாப் பேக் பண்ணி, கூரியர்ல அனுப்பிடலாம். ரெண்டு வாரத்துல போய்ச் சேர்ந்துடும். அண்ணன் பார்த்தாருன்னா புரிஞ்சுக்குவார். என்ன சொல்றீங்க?"

டீச்சர் விரலை நீட்டிப் படத்தின் மேல் வைத்தார். வெள்ளைச் சரிவில் வைத்தார். ஓட்டின் மேல் வைத்தார். புகையின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். விரலைத் தூக்கிப் பார்த்தார். விரலில் ஒரு பொட்டு நிறம்கூட ஒட்டியிருக்கவில்லை.

போர்டைத் தூக்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"இது இன்னும் காயலீங்கய்யா" என்றார். "காயற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். ஓசூர் போக ரெண்டரைக்கு மேட்டுப்பாளையம் பஸ் இருக்கு. நீங்க கிளம்புங்க."